மேல் அம்புக்குறி

என் மதினியின் சுவரை இடிக்க வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பதில் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று போனில் சொன்னது நான்தான். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அப்படி ஒரு பதில் அதில் இருக்கிறதா என்ற சந்தேகமே சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு வந்தது.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கீழச்சிவல்பட்டியில் அவர் பேரில் ஒரு மனை வாங்கி வைகாசியில் வேலை ஆரம்பித்திருந்தார்கள். ஆடி கழிந்து ஆவணியில் வாசல் நிலை வைப்பதாக நாள் குறித்திருந்தது. பிளான் நான் போட்டது. நான் சிவில் டிப்ளமோ. காரைக்குடியில் ஒரு பொறியாளரிடம் எட்டு வருடம் வரைந்துவிட்டு, இப்போது எங்கள் வாடகை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பள்ளத்தூர், அரியக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிறேன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் வீடு வரைகிறாள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் பக்கத்தில் பிளான் என்றால் அறையும் ஜன்னலும் கழிப்பறையும் மட்டும் இல்லை. வீட்டின் வெளி அளவு, மனை யார் பேரில் இருக்கிறதோ அவருடைய நட்சத்திரத்துக்குப் பொருந்த வேண்டும். அதற்கு ஒரு கணக்கு உண்டு. சுற்றளவை, இரண்டே முக்கால் அடி கொண்ட தச்சு முழத்துக்கு மாற்றி, எட்டால் பெருக்கி, இருபத்தேழால் வகுத்தால் வருகிற மீதிதான் வீட்டின் நட்சத்திரம். மீதி ஒன்று என்றால் அசுவினி, இரண்டு என்றால் பரணி, அப்படியே வரிசையாகப் போகும். ஆளின் நட்சத்திரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் வீட்டு நட்சத்திரம் மூன்றாவதாகவோ ஐந்தாவதாகவோ ஏழாவதாகவோ விழக் கூடாது. ஏழு இருப்பதிலேயே மோசம், அதற்குப் பேரே வதை. இதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வருகிறவர்கள் கேட்கிறார்கள், போடுகிறேன். போடாமல் விட்டால் பிளானை ஆளிடம் கொடுக்கக் கை வராது.

இந்தக் கணக்கை நான் பைத்தானில் போடுகிறேன். பொறியாளர் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட நிரல்மொழி அது. திறந்தால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். ஒரு வரி அடித்தால் அடுத்த வரியில் பதில் சொல்லிவிடும். ஆளின் நட்சத்திர எண்ணுக்கு n என்று பெயர் வைப்பேன், அகலத்துக்கும் நீளத்துக்கும் a, b. இதையெல்லாம் ஒரு நிரலாக எழுதிச் சேமித்துவிட்டால் அடுத்த தடவை எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இது நேற்றுப் படிக்க ஆரம்பித்தவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் செய்யவில்லை.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். என் பிறந்த வீடு தச்சு வேலைக் குடும்பம். அப்பா இப்போது ப்ளைவுட்டில் மாடுலர் கிச்சன் செய்கிறார் என்றாலும், யாராவது வீட்டு அளவு கேட்டால் ஒரு பலகையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுச் சொல்வார். சொன்ன கையோடு ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிடுவார். ஒரு மனையின் கணக்கு இன்னொரு மனையில் ஒட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்குக் கறுப்பு ஜன்னல்தான் பலகை, அதை மூடுவதுதான் துடைப்பது. ஒவ்வொருவருக்கும் முதல் வரியிலிருந்து புதிதாக அடிப்பேன், முடிந்ததும் மூடுவேன். மூடினால் எல்லாம் போய்விட்டது என்றே இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அப்படி நினைத்திருந்தவள்தான் ‘எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது’ என்று போனில் அளந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நிலை வைக்க நான்கு நாள் இருக்கும்போது, மதியம் பருப்பை அடுப்பில் ஏற்றிய நேரத்தில், மதினி கூப்பிட்டார். சுவர் அப்போது முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. அவர் கணவரின் சொந்தத்தில் மனையடி பார்க்கிற பெரியவர் ஒருவர் வந்து, டேப்பை விட்டு அளந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டாராம்.

“ஏத்தா, இருபத்துநாலே முக்காலுக்கு முப்பத்துமூணுன்னா உத்திரம் வருதாம்ல. நான் திருவாதிரை. எண்ணுனா ஏழாவதாம். நெல வைக்கக் கூடாது, ஒரு பக்கச் சொவத்த இடிச்சு அளவ மாத்துங்கங்கிறாக.”

“யாரு மதினி, அந்தப் பெரியவுகளா சொல்றாக?”

“அவுகதான். இங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாக. ஊருல இத்தன இஞ்சினியரு இருக்கயில தம்பி பொண்டாட்டிக்கிட்டத்தான் பிளான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னது நானுல்ல. நீ பாத்துத்தானத்தா போட்ட?”

“பாத்துத்தான் மதினி போட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. நாளைக்கிக் கொண்டாந்து காட்டுறேன்.”

போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். திருவாதிரை, புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம். ஏழு. திரும்ப எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் ஏழு ஏழாகத்தான் இருந்தது. சுவரை இடித்தால் செங்கலும் சிமெண்டும் போவது ஒரு பக்கம். தன் புகுந்த வீட்டில் மதினி இனி ஒரு விஷயத்திலும் வாய் திறக்க முடியாது. என்னை நம்பியதற்கு அவருக்கு அதுதான் கிடைக்கும்.

கறுப்பு ஜன்னலைத் திறந்து மேல் அம்புக்குறியை அழுத்தினேன். அது முந்தைய வரியைத் திரும்பக் கொண்டுவரும். ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டால் அதே ஜன்னலில் அப்படித்தான் எடுத்துத் திருத்துவேன். புதிதாகத் திறந்த ஜன்னலில் ஒன்றும் வராது என்று நினைத்து, ஒரு நப்பாசையில் அழுத்தினேன். வரி வந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தினேன், அதற்கு முந்தைய வரி வந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். போன மாதம், போன சித்திரை, அரியக்குடி டீச்சர் வீடு, பள்ளத்தூரில் ஒருவர் கார் நிறுத்தப் போட்ட ஷெட் என்று நான் துடைத்துவிட்டதாக நினைத்த பலகையெல்லாம் கீழிருந்து மேலே ஏறி வந்தன. எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

தேடிப் படித்ததில், பைத்தான் நான் அடிக்கிற வரிகளை மூடும்போதெல்லாம் தானாகவே ஒரு கோப்பில் சேமித்து வந்திருக்கிறது என்று புரிந்தது. புள்ளியில் தொடங்கும் பெயர் வைத்து, என் பெயரில் உள்ள ஃபோல்டரிலேயே அது உட்கார்ந்திருந்தது. நோட்பேடில் திறந்தேன். என்னென்ன அடித்தேன் என்பது மட்டும் இருந்தது. என்ன பதில் வந்தது என்பது இல்லை. என்றைக்கு அடித்தேன் என்பதும் இல்லை. யாருக்காக என்பது எப்படி இருக்கும்? n-இன் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் குழம்ப ஆரம்பித்தேன். n = 19, அரியக்குடி டீச்சர், அவர் மூலம், சரி. அதை அடுத்து n = 5. n = 22, பள்ளத்தூர்க்காரர், திருவோணம். அதை அடுத்தும் n = 5. எந்த ஆளுக்குப் போட்டு முடித்தாலும் கடைசியில் ஒரு ஐந்து வந்து நின்றது. ஐந்து என்றால் மிருகசீரிடம். எனக்கு மிருகசீரிடத்தில் இத்தனை வாடிக்கையாளர்களா? ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. வேறு யாராவது என் கம்ப்யூட்டரைத் தொட்டார்களா என்றுகூட யோசித்தேன். பாதிக் கோப்பு படித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. மிருகசீரிடம் நான்.

என் நட்சத்திரம் எனக்கு மறந்து போகவில்லை. அந்த வரிகளை அடித்ததுதான் மறந்துவிட்டது. இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. பிளான் முடிந்ததும் ஜன்னலை மூடுவதற்கு முன்னால் சும்மா எனக்கு ஒன்று போட்டுப் பார்ப்பது உண்டு. டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. அதை ஒரு காரியமாகவே நான் கணக்கில் வைத்துக்கொண்டதில்லை. கோப்பில் வரிசையாகப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு காலமாக நடக்கிறது என்று தெரிந்தது. முதலில் என் வீட்டின் அகலம் முப்பத்தெட்டரை அடி இருந்தது. பிறகு முப்பத்துமூன்று ஆயிற்று. மனை விலை ஏற ஏற இருபத்தேழரைக்கு வந்தது. யாரும் என்னைக் குறைக்கச் சொல்லவில்லை. இல்லாத வீட்டை நானே ஒவ்வொரு முழமாகக் குறைத்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது, அழுகையும் வந்தது.

கோப்பின் கடைசிக்குக் கொஞ்சம் மேலே, மதினிக்கு பிளான் போட்ட சமயத்தில் அடித்த மூன்று வரி. n = 5. அகலம் இருபத்துநாலே முக்கால். நீளம் முப்பத்துமூன்று. கோப்பு முழுக்கத் தேடியும் n = 6 எங்குமே இல்லை. திருவாதிரை ஆறு. மிருகசீரிடத்திலிருந்து எண்ணினால் உத்திரம் எட்டாவது, நல்ல பொருத்தம். என் நட்சத்திரத்துக்குப் பொருந்துகிற அளவில் மதினிக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது.

எப்படி நடந்தது? கீபோர்டில் ஐந்தும் ஆறும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆறு என்று நினைத்து ஐந்தைத் தட்டியிருக்கலாம். அல்லது மதினியின் கணக்கை வேறு ஒரு ஜன்னலில் சரியாகப் போட்டுவிட்டு, என் வீட்டை இன்னொரு ஜன்னலில் போட்டு, பிளானில் எழுதும்போது மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டு ஜன்னல் திறப்பது எனக்குப் பழக்கம்தான். சோதித்துப் பார்த்தேன். ஒன்றில் ஒரு வரி, மற்றதில் ஒரு வரி அடித்து, ஒன்றன் பின் ஒன்றாக மூடினேன். கடைசியாக மூடிய ஜன்னலின் வரி மட்டும் கோப்பில் நின்றது, முதலில் மூடியதன் வரி போன இடம் தெரியவில்லை. அப்படியானால் மதினியின் கணக்கு அதே மாதிரி போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அப்படி ஒன்று இல்லாமலேகூட இருந்திருக்கலாம். மூன்றாவதாகவும் ஒன்று மனதில் வந்தது. என்னால் கட்ட முடியாததை இவர்கள் கட்டுகிறார்களே என்று என் கை தெரிந்தே செய்ததா? இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதற்குள் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாற்றம்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லாமல், வெளி அளவை எங்கே எடுப்பது என்று மட்டும் கேட்டேன்.

“செங்கலு மேல எடுக்குறவுகளும் இருக்காக, பூச்சு மேல எடுக்குறவுகளும் இருக்காக. எதுல எடுத்தாலும் கடைசி வரைக்கும் அதுலயே நிக்கணும். நீ எதுல எடுத்த?”

எதில் எடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எதைத் திறந்து காட்டுவது? இதோ பாருங்கள், இதெல்லாம் என் வீடுகள் என்றா? கீழச்சிவல்பட்டியில் இறங்கும்போது, தப்பு என்னுடையது, இடித்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். மனையில் பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மதினியும் அவர் கணவரும் நின்றார்கள். கொத்தனார் சுவரின் மேலேயே உட்கார்ந்து பீடியை அணைத்தார். நான் பையைக்கூட இறக்கவில்லை, கொத்தனார் பேச ஆரம்பித்துவிட்டார்.

“ஐயா அளந்தது வெறும் செங்கல. இன்னும் பூச்சு இருக்குல்ல. நாலு பக்கமும் ஒரு அங்குலம் ஏத்துனா சுத்துல எட்டு அங்குலம் கூடிப்போகும். தங்கச்சி பூச்சோட சேத்துத்தானே போட்டிருக்கீக?”

பெரியவர் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். எட்டு அங்குலம் என்றால் கால் முழத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. நாற்பத்திரண்டு முழம் நாற்பத்திரண்டே கால் ஆனால் மீதி பதினாலு, சித்திரை. திருவாதிரைக்கு ஒன்பதாவது. அதைவிட நல்ல பொருத்தம் கிடையாது. நானும் அவரோடு சேர்ந்து மனதுக்குள் போட்டு முடித்தேன்.

“அடடா, பூச்சோடயா? மொதல்லயே ஒரு வார்த்த சொல்லப்படாதாம்மா” என்றார் பெரியவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று வாயால் சொல்லவில்லை என்பதை வைத்துக் கொஞ்ச நாள் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். மதினி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் சொன்னேன்ல, எங்க தம்பி பொண்டாட்டி பாக்காம ஒண்ணும் செய்ய மாட்டான்னு” என்று தன் கணவரைப் பார்த்துச் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிம்மதி என்னைக் கூசச் செய்தது. கம்ப்யூட்டரை யாரும் திறக்கச் சொல்லவில்லை. குறித்த நாளில் நிலை வைத்தார்கள். எனக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு சேலையும் வைத்துக் கொடுத்தார்கள். அதை இன்னும் கட்டவில்லை.

தையில் வெளிப்பூச்சு ஆரம்பித்தார்கள். அதைப் பார்க்க நான் போக வேண்டிய அவசியமே இல்லை. போனேன். சாரத்தில் நின்று கொத்தனார் கலவையை வீசி அடித்து மட்டப்பலகையால் இழுத்துக்கொண்டிருந்தார். வடக்குச் சுவர் முடிந்து கிழக்குச் சுவரில் பாதி ஏறியிருந்தது. மீதிப் பாதியில் செங்கல் தெரிந்தது. செங்கல் வரைக்கும் அது என் அளவு. பூச்சு ஏற ஏற அது உள்ளே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் இல்லாத வருத்தம் அப்போது வந்தது. மதினி பிளாஸ்கில் டீ கொண்டுவந்து எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“மதினி, அன்னைக்கி நான் பூச்ச நெனைக்கவே இல்ல. ஒங்க நட்சத்திரத்தப் போட்டுப் பாத்தேனான்னே தெரியல. இது நான் எனக்குன்னு போட்டுப் பாத்த அளவு. பிளானுக்குள்ள எப்புடி வந்துச்சுன்னு சத்தியமா எனக்கு வெளங்கல.”

“ஒனக்குன்னா? ஒனக்கு ஏதுத்தா மனை?”

“மனையெல்லாம் இல்ல மதினி. சும்மாதான். யாருக்குப் போட்டாலும் முடிச்சிட்டு எனக்கு ஒண்ணு போட்டுப் பாப்பேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். “அப்ப நான் குடியிருக்கப் போறது ஒன் வீட்டுக்குள்ளயா? கரண்டு பில்ல ஒனக்கே அனுப்பிவிடுறேன் இரு.” நானும் சிரித்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அவர் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

“எத்தன வருசமா இப்புடிப் போட்டுப் பாக்குற?”

“தெரியல மதினி. ரொம்ப நாளா.”

“என் தம்பிக்குத் தெரியுமா?”

இல்லை என்று தலையாட்டினேன். மதினி பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடி கூறுகெட்டவளே. அன்னைக்கி ஆவணியில இத நீ வாய் தொறந்து சொல்லிருந்தீன்னா? இந்தா, இங்குட்டு இருக்க மனைய ஐப்பசியிலதான குடுத்தாக. மொதல்ல எங்கிட்டத்தான் வந்து கேட்டாக, ஒங்க சொந்தத்துல யாருக்காச்சும் வேணுமான்னு. தவணையில குடுக்கக்கூட அவுகளுக்குச் சம்மதந்தான். யாருக்கும் வேண்டாம்னு நாந்தானடி சொல்லி அனுப்புனேன்.”

பக்கத்து மனையைப் பார்த்தேன். முள்ளை வெட்டிச் சுத்தம் செய்து, நான்கு மூலையிலும் குச்சி அடித்து, யாரோ மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். அகலம் எப்படியும் இருபத்துநாலுதான் இருக்கும், நமக்குப் பத்தாது என்று சொல்லிக்கொண்டேன். என் பையில் டேப் இருந்தது. எடுத்து அளந்து பார்க்கவில்லை.